ஊசி பயத்துக்கு விஆர் கண்ணாடியா, க்ரீமா?

என் மகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. "நரம்பு கிடைக்கல, இன்னொரு கையக் காட்டும்மா" என்று சிஸ்டர் சொன்னதுமே உடம்பு விறைத்து, அழ ஆரம்பித்துவிடுவாள். அதைப் பார்க்க முடியாமல்தான் என்ன வழி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

எல்லோரும் முதலில் சொன்னது விஆர் கண்ணாடி, அதாவது கண்ணை மூடி மாட்டினால் கணினி உருவாக்கிய வேறொரு உலகத்துக்குள் இருப்பது போலக் காட்டும் கருவி. 1996-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தீக்காய நோயாளிகளிடம் தொடங்கிய முயற்சி இது. பின்னாளில் அதற்கென்றே பனிப் பள்ளத்தாக்கில் பனி உருண்டை எறியும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும்; கவனம் முழுக்கப் பனியில் இருந்தால் காயத்தின் பக்கம் போவது குறைவு. நம்பும்படியான விளக்கம்தான். ஆனால் 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு குழந்தைகளிடம் நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாக அலசியும், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றே முடித்தது.

என் தயக்கம் வேறு. ரத்தம் எடுக்க இரண்டு நிமிடம். கண்ணாடியைப் பொருத்தவே அதற்கு மேல் ஆகும். அரைக் கிலோ கனம், சிலருக்குத் தலைசுற்றல். வலிப்பு உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் விஆர் கண்ணாடி பத்து வயதுக்கு மேல்தான் என்கிறது. என் மகளுக்கு ஆறு. அதோடு, ஊசி எப்போது இறங்குகிறது என்று பார்த்தால்தான் அவளுக்குத் தைரியம்.

கைப்பேசியில் கார்ட்டூன் போட்டால் செலவில்லை. ஆனால் ஓரக்கண் ஊசி மேலேயே இருக்கும்; கவனம் முழுக்கத் திரும்பாது.

க்ரீம்தான் வலியையே தொடுகிறது. லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த மரத்துப்போகும் க்ரீம். தடவி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அவசரத்துக்கு ஆகாது. எங்களுக்குச் சரியாக இருக்கிறது: தாம்பரத்தில் வீட்டிலேயே தடவிவிட்டு மின்சார ரயில் ஏறினால், எழும்பூரில் இறங்கி டோக்கன் கூப்பிடுவதற்குள் கை மரத்திருக்கும். கைக்குழந்தை என்றால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், படுக்க வைத்து அமுக்காமல் மடியில் உட்கார வைத்துக் கட்டிக்கொள்கிறேன். "வலிக்காது" என்று பொய் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

விஆர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கண்ணாடி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அது ரத்தம் எடுக்கும் அறைக்கு வர வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை மாதிரி தீக்காயப் பிரிவு உள்ள இடத்துக்குப் போகட்டும். அங்கே நாள் தவறாமல் கட்டுப் பிரித்து மருந்து வைக்கும் நேரம் ரொம்ப நீளம்.