வைஃபை நல்லம், ஆனாலும் இந்த ரவுட்டரை வாங்க வேண்டாம்

விலை இறங்கிவிட்டதாம், இப்போது வாங்கலாமா என்று திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருக்கும் நண்பன் கேட்டான். உப்புவெளியில் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகப் பாவிக்கும் அதே ஏசி1200 (AC1200) ரக வைஃபை ரவுட்டர்தான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கெட்டியான சாமான், அதில் சந்தேகமில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியான வெக்கையிலும் தானாக நின்றதில்லை. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே எழும்பி இணைந்துவிடும். வைஃபை 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வரும். 5 ஹாலிலும் பக்கத்து அறையிலும் அருமை. இரண்டு சுவர் தாண்டிக் குசினிக்குப் போனால் மங்கிவிடும். எந்த ரவுட்டருக்கும் அப்படித்தான், அங்கே 2.4 தான் கைகொடுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரை விடுதிகள் நிறைந்திருக்கும்போது சுற்றியுள்ள வைஃபை எல்லாம் சேர்ந்து அந்த 2.4 சந்தைக்கடை மாதிரி ஆகிவிடுகிறது. சனலை, அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் பாதையை, தானியங்கியில் விடாமல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாக வைத்தால் சமாளிக்கலாம். இதையெல்லாம் மாற்றுவது இந்த ரவுட்டரில் மிகவும் லேசு.

என் கோபம் வேறு. பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். 2.4-இன் உச்ச வேகம் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5-இன் 867-ஐயும் கூட்டி, அதையும் கொஞ்சம் உயர்த்தி எழுதிய எண் அது. ஒரு போனுக்கோ லப்டொப்புக்கோ அந்த வேகம் ஒருநாளும் கிடைக்காது. சரி, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், விடுவோம். ஆனால் பின்பக்கத்தில் வயர் செருகும் போர்ட் எல்லாமே 10/100, அதாவது கூடினால் 100 எம்பிபிஎஸ்தான். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரைச் செருகும் போர்ட்டும் அதேதான்! வயர்லெஸில் 867 வரை போகக்கூடிய கருவிக்குள் இணையம் நுழைவதே 100 எம்பிபிஎஸ்ஸில். பக்கேஜைக் கூட்டிய பிறகு லப்டொப்பை ஃபைபர் பெட்டியில் நேரே செருகிப் பார்த்தேன், காசு கட்டிய வேகம் முழுதாக வந்தது. ரவுட்டர் வழியாக 94, 95-க்கு மேல் அசையவில்லை. மாதாமாதம் பில் கட்டும்போது வயிறு எரிகிறது. அந்த 1200-க்குப் பக்கத்தில் இந்த 100-ஐயும் அதே அளவில் அச்சடித்திருக்க வேண்டும்.

நண்பனின் பக்கேஜ் 100-க்குக் கீழே. நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு இது தாராளமாகப் போதும், விலையும் நல்ல விலை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாளைக்கு அவனும் பக்கேஜைக் கூட்டுவான், அப்புறம் என்னைப் போல நிற்பான். பெட்டியில் 10/100/1000 என்றோ கிகாபிட் போர்ட் என்றோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்றேன்.

இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நெட்வேர்க் வயருக்குள் நான்கு இழை போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, எட்டும் வேண்டும். உப்புக்காற்றில் பிளக்கின் ஊசி ஒன்று பச்சை பிடித்தாலே போதும், இணைப்பு அறாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். புது ரவுட்டரும் பழைய வேகத்தையே காட்டும். அதனால் கேட் 5ஈ (Cat 5e) ரக வயரை முழுச் செப்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செப்புப் பூசியதும் கடையில் இருக்கிறது. நண்பன் வீட்டில் வயர் முனை கடற்பக்க ஜன்னலுக்குக் கீழேதான் தொங்குகிறது. ரவுட்டருக்கு முதல் அதை உள்பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.