குழாய்த் தண்ணீர் வதந்தியும் எங்கள் வார்டு ஆபீஸும்

மும்பையில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) பாதிப் பேர் திருநெல்வேலிக்காரர்கள். குழாயில் சாக்கடை கலந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்ததும், எல்லோரும் கேன் தண்ணீருக்கு ஓடினார்கள். நான் மாநகராட்சி வார்டு ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் விடிகாலை, தண்ணீர் விடும் நேரத்துக்கே ஒரு ஊழியர் வந்துவிட்டார். வீடு வீடாகத் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டார். மஞ்சளானால் கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டும் என்றார். ஆறு வீட்டில் மஞ்சள். கடைசி வீட்டில் நிறமே மாறவில்லை! அந்தக் குழாய் சாக்கடைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அன்றே மாற்ற வைத்தார்.

பயந்தவர்களை அவர் திட்டவில்லை, காட்டிப் புரியவைத்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆபீஸ் ஒட்டிய நோட்டீஸ் மட்டும் மராத்தியில். பாட்டிகளுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். தமிழிலும் ஒட்டுங்கள். வார்டு ஆபீஸுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.