ஃபைபர் போட்டுக்கு ஜெல்கோட் அடிக்கக் கொடுக்கிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் ஏரியை நாங்கள் நாலு பேர் சேர்ந்து மீன் குத்தகை எடுத்திருக்கிறோம். கட்லா, ரோகு, மிருகால் விட்டிருக்கிறோம். தீனி போடவும் வலை இழுக்கவும் ஒரு பழைய ஃபைபர் போட் உண்டு, 14 அடி. கரையில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு தேய்ந்துபோய், உள்ளே இருக்கிற கண்ணாடி நார் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் தண்ணீர் வற்றினால் மீன் பிடித்தாக வேண்டும், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று பங்குனி முதல் வாரத்தில் குட்டியானையில் ஏற்றி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபைபர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு எல்லாம் செய்கிறவர்கள். 22,000 பேசி 12,000 முன்பணம் கொடுத்தேன்.

ஜெல்கோட் என்றால் பெயின்ட் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பெயின்ட் இல்லை. ஃபைபருக்குள் இருக்கிற அதே பாலியஸ்டர் ரெசின் வகைதான், நிறமும் வழியாமல் நிற்க ஒரு பொடியும் கலந்து கெட்டியாக வருகிறது. பெயின்ட் காயும், ஜெல்கோட் காயாது, இறுகும். பாலில் உறை ஊற்றினால் தயிராகிறதே, அதுபோல ஹார்டனர் என்கிற எம்இகேபி-யை ஊற்றினால் உள்ளே வேதிவினை நடந்து, சூடு கிளம்பி, திரவம் கல்லாகிறது. உறை போதவில்லை என்றால் பாலை எத்தனை மணி நேரம் வெயிலில் வைத்தாலும் தயிராகுமா? இதுவும் அப்படித்தான்.

அந்தப் பட்டறையில் நான் கூடவே நின்று பார்த்தேன். மதியம் 12 மணி, தகரக் கூரை, கால் வைக்க முடியாத சூடு. ஹார்டனர் பாட்டில் மூடி இல்லாமல் ஜன்னல் ஓரம் வெயிலிலேயே கிடந்தது. வேலை செய்த தம்பி பக்கெட்டில் பாதிக்கு ஜெல்கோட்டை ஊற்றினார், பிரஷ் ஓடவில்லை என்று ஒரு டம்ளர் பெயின்ட் தின்னரைக் கலந்தார், அப்புறம் ஹார்டனரை சோடா பாட்டில் மூடியில் ஒரே ஒரு மூடி அளந்து ஊற்றிக் குச்சியால் கலக்கினார். தராசும் இல்லை, அளவுக் குப்பியும் இல்லை. “இவ்ளோ போதுமா தம்பி?” என்று கேட்டேன். “வெயில் ஜாஸ்திண்ணா, நெறைய ஊத்துனா பக்கெட்லயே கட்டிக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, சூட்டில் சீக்கிரம் கட்டத்தான் செய்யும். ஆனால் அதற்காகக் குறைக்க ஒரு எல்லை உண்டு என்று அன்று எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி கண்ணாடி போடவில்லை, கையுறை போடவில்லை. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் போனேன். போட் பளபள என்று இருந்தது. கட்டைவிரலை அழுத்தினேன், ரேகை அப்படியே பதிந்தது. நாலைந்து கொசு ஒட்டிச் செத்துக் கிடந்தது, ஒரு பக்கம் நாயின் கால் தடம். பட்டறைக்காரரைக் கேட்டால் “ரெண்டு நாள் வெயில்ல கெடக்கட்டும்ணா, தானா காஞ்சிடும்” என்றார். நாலு நாள் கழித்துப் போனபோது ஒட்டவே இல்லை, வழவழ என்று இருந்தது. சரி, காய்ந்துவிட்டது என்று மீதிப் பணத்தையும் கொடுத்து ஏற்றிவந்துவிட்டேன். பிசுபிசுப்பின் மேல் டால்கம் பவுடரைத் தூவித் துடைத்து, அதற்கு மேல் வண்டி பெயின்ட்டை ஸ்ப்ரே செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் என்கிற திரவத்தின், அந்த மூக்கைத் துளைக்கிற வாடை மட்டும் போகவே இல்லை. இறுகிய ஜெல்கோட் வாரக்கணக்கில் அப்படி நாறாது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஏரியில் விட்டுப் பதினெட்டாம் நாள் அடியில் அம்மை போட்டது போலக் கொப்புளம். நகத்தால் கீறினால் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, கீழே ஜெல்கோட் வெல்லப்பாகு மாதிரி. மீன் பிடிக்கிற நேரத்தில் எட்டு நாள் பரிசல் வாடகைக்கு எடுத்து ஓட்டினோம்.

கடலூரில் போட் கட்டுகிற ஒரு மேஸ்திரியை என் மச்சான் கூட்டிவந்தார். அவர் முதலில் ஒரு துணியில் அசிட்டோன் தொட்டு அரை நிமிடம் தேய்த்தார். துணியில் நிறம் ஏறியது, தேய்த்த இடம் இளகியது. “இது இறுகவே இல்ல மாப்ள” என்றார். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: பாலியஸ்டர் ஜெல்கோட்டின் மேல்பரப்பு காற்றுப் பட்டால் இறுகாது, காற்றில் இருக்கிற ஆக்சிஜன் தடுத்துவிடும். புது போட் செய்யும்போது மோல்டில், அதாவது அச்சில், முதலில் ஜெல்கோட்டைத்தான் அடிப்பார்கள். அதன் முகம் மோல்டோடு ஒட்டியிருப்பதால் காற்றுப் படாது, பின்பக்கம் பிசுபிசுப்பாக இருப்பதும் நல்லதுதான், அடுத்து வைக்கிற கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் அதில்தான் கெட்டியாகப் பிடிக்கும். பழைய போட்டின் மேல் வெளியிலிருந்து அடிக்கும்போது கதை தலைகீழ். கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துவிடும். இல்லையென்றால் மேலே பிவிஏ என்கிற, மெல்லிய படலமாகக் காய்கிற திரவத்தை அடித்து மூட வேண்டும். தொட்டி செய்கிற பட்டறையில் மோல்டுக்கு வைத்திருந்த ஜெல்கோட்டை மெழுகு இல்லாமல் அப்படியே என் போட்டில் பூசிவிட்டார்கள்.

அது மட்டும் தப்பாக இருந்தால்கூடப் போட் பிழைத்திருக்கும் என்றார். மேல் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து உப்புக்காகிதம் போட்டால் கீழே கெட்டியாக இருக்கும். எங்களுடையது அடிவரை கொழகொழ. கிலோவுக்குச் சுமார் 20 கிராம் ஹார்டனர் போகும், எவ்வளவு வெயிலானாலும் 10 கிராமுக்குக் கீழே குறைக்கவே கூடாது. குறைத்தால் தாமதமாக இறுகும் என்று நினைக்கிறார்கள், அது கடைசிவரை முழுசாக இறுகாது. தின்னர் வேறு உள்ளே மாட்டிக்கொண்டு மெலிசாக்கிவிட்டது. அரை மில்லிமீட்டர் கனமாவது நிற்க வேண்டும்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பட்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். அசிட்டோன் போட்டுத் துடைத்து, 80ஆம் நம்பர் உப்புக்காகிதம் போட்டு, மேஸ்திரி காலை ஆறு மணிக்கே, வெயில் ஏறுவதற்கு முன், தராசில் வைத்து அளந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடித்தார். தண்ணீருக்குள் இருக்கிற பகுதிக்குத் தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ஐசோ வகை ஜெல்கோட்தான் வேண்டும் என்று புது டின் வாங்கவைத்தார். மறுநாள் காலை நகம் இறங்கவில்லை.

கொடுக்கும்போது டின்னைக் காட்டச் சொல்லுங்கள், ஐசோவா என்று பாருங்கள், தயாரித்த மாதம் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் சூட்டில் கிடந்ததென்றால் வேண்டாம். கடைசிக் கோட்டில் மெழுகு போடுகிறீர்களா என்று கேளுங்கள், அவர் முழித்தால் போட்டைத் திருப்பி ஏற்றிவிடுங்கள். ஒட்டுகிறது என்றால் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். அசிட்டோன் துணி வைத்துப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், இப்போது பட்டறைக்காரர் போனை எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, அதுவும் போடப்போகிறேன். ரசீது இருக்கிறது, படங்கள் இருக்கின்றன. சுரண்டியதில் ஒரு பிடியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு மாதம் ஆகியும் விரலில் ஒட்டுகிறது.