யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படிப்பு: கிணறு, கூரை, சைக்கிள், வாடகை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருபவர்கள், மலையகமோ மட்டக்களப்போ தமிழ்நாடோ லண்டனோ, அறை பார்க்கப் போனதும் வாடகை எவ்வளவு, கம்பஸ் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நாலு வருடம் இருந்து முடித்துப் போகிறவர்களிடம் கேட்டால் வரிசை தலைகீழாக வரும்: முதலில் தண்ணீர், பிறகு கூரை, பிறகு தூரம், கடைசியில் வாடகை. இந்தப் பகிர்வும் அந்த வரிசையில்தான்.

அதற்கு முதல், அனுமதிக் கடிதத்தில் எந்தப் பீடம் என்று பாருங்கள். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம், மருத்துவம் எல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல) அதை ஒட்டியும் இருக்கின்றன. பொறியியல், விவசாயம், தொழினுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில்; இடையில் 60 கிலோமீற்றருக்கு மேல். இசை, நடனம் படிக்க வருபவர்களுக்கு மருதனார்மடம். பெயரில் யாழ்ப்பாணம் இருக்கிறதே என்று நம்பித் திருநெல்வேலியில் அறைக்கு அட்வான்ஸ் கட்டினால் அந்தக் காசைத் திருப்பி வாங்குவது பெரும்பாடு.

கம்பஸ் 1974இல் தொடங்கியது பரமேஸ்வராக் கல்லூரி வளவில். சுற்றிலும் அப்போது தோட்டமும் ஒழுங்கையும் ஓட்டு வீடுமாக ஊர்தான். மாணவர்களுக்கென்று திட்டமிட்டு யாரும் தெரு போடவில்லை. இன்றும் அறை என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பம் இருக்கிற வளவில், வீட்டோடு ஒட்டிப் போட்ட இரண்டு மூன்று அறைகள்தான். அந்த வீட்டுக் கிணற்றிலிருந்துதான் உங்களுக்குக் குளிப்பு, தோய்ப்பு, தேத்தண்ணி எல்லாம்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் ஒரு படையாக நிற்கிறது. எல்லாரும் இறைப்பது அந்தப் படையைத்தான். கல்லினூடாக வருவதால் தண்ணீர் கடினமானது. கோடையில் மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் மெலிந்து, கீழிருந்து உப்பு ஏறி வரும். இதனால் டிசம்பரில் கிணறு பார்த்து முடிவெடுக்கக் கூடாது. டிசம்பரில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு. ஓகஸ்ட், செப்டெம்பரில் சவர்க்கிறதா, அதாவது உப்புக் கரிக்கிறதா என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட ஏற்கெனவே அந்த அறையில் இருப்பவரிடம் கேட்பது நல்லது.

கேட்க ஆள் இல்லையென்றால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள்: வெள்ளைப் பொருக்குத் தடிப்பாக இருந்தால் கடினம் கூட. கையில் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள்: நுரை வராமல் தயிர்போலத் திரிந்தாலும் அதே சங்கதி. ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிடாமல் நாக்கில் வைத்துப் பாருங்கள்: கரித்தால் சவர். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். சின்னச் சின்னக் காணியாகப் பிரித்த ஒழுங்கைகளில் அந்தத் தூரம் கிடைப்பது அரிது, பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து அளந்தால் இன்னும் அரிது. கிணறு வலையால் மூடியிருந்தாலோ உள்ளே மீன் விட்டிருந்தாலோ நுளம்புக் குடம்பிக்கு இடமில்லை; வீட்டுக்காரர் கவனமான ஆள் என்பதற்கும் அது ஓர் அடையாளம்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. கிருமி சாகும், கடினத்தின் ஒரு பகுதி வெள்ளையாக அடியில் படியும், அதனால் ஆறவிட்டு மேல்தண்ணீரை மட்டும் வடித்து எடுக்கலாம். உப்பு போகாது. தோட்டப் பசளையிலிருந்து இறங்குகிற நைத்திரேற்றும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்குத்தான் உடனடி ஆபத்து என்றாலும், தோட்டத்தை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காகக் குடிக்காமல் இருப்பது நல்லது. குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரைப் பெரிய போத்தலில் வாங்குவதும், மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றைப் பாவிப்பதும்தான் நீண்ட காலத்துக்குச் சரிவருகிறது.

இந்தத் தண்ணீரில் முதலில் பழுதாவது மின்சாரக் கேத்தில். அடித்தட்டில் சுண்ணாம்பு படிந்ததும் சூடு தண்ணீருக்கு ஏறாது, தட்டு மட்டும் காய்ந்து, கொதிக்க முன்னமே தானாக நின்றுவிடும். பலர் பழுதென்று எறிவது இப்படி நிற்கிற கேத்திலைத்தான். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு ஊற்றினால் பொருக்குக் கழன்று வரும். வினாகிரி மணம் பிடிக்காதவர்கள் தேசிக்காய்ப் புளியில் செய்யலாம், ஆனால் நிறையப் பழம் வேண்டும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். கரண்டியால் சுரண்ட வேண்டாம். பருப்பு அவியாமல் கிடப்பதும் இதே காரணத்தால்தான். பருப்புக்கு மட்டும் வாங்கிய தண்ணீரைப் பாவித்தால் காஸ் மிச்சம். வெள்ளைச் சேட்டு இரண்டாம் வருடத்துக்குள் மங்கிவிடும், அதற்கு மருந்தில்லை.

அடுத்தது கூரை. ஓடு போட்ட அறைதான் நல்லது. சீற் (தகடு) போட்ட அறை மத்தியானம் அடுப்பு, ஆனால் இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஆறிவிடும். மாடியில் கொங்கிரீற் தட்டின் கீழ் இருக்கும் அறை எதிர்மாறு: பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு முழுக்க விடும். சித்திரை, வைகாசியில் அந்த அறைகளில் இரவு இரண்டு மணிவரை நித்திரை வராது, அதுவும் செமஸ்டர்ப் பரீட்சை அந்த நேரம் விழுந்தால் சொல்ல வேண்டாம். மாடி அறையே கிடைத்தால் பகல் படிப்பைக் கம்பஸ் நூலகத்துக்கு மாற்றுவதுதான் வழி. நகரத்துப் பொது நூலகத்தையும் பாருங்கள். 1981இல் எரிக்கப்பட்டு, திருத்திக் கட்டி 2003இல் மீண்டும் திறந்த கட்டடம். கோட்டையும் கடலும் கிட்ட. ஆனால் திருநெல்வேலியிலிருந்து நாளாந்தம் போய்வந்து படிக்கிற இடமாக அது சரிவராது. உள்ளூர் வரலாறு, பழைய பத்திரிகை என்று தேடுகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிப் போகலாம்.

தூரம் என்றால் சைக்கிள். கம்பஸிலிருந்து நகர பஸ் நிலையம் நாலு கிலோமீற்றருக்குள்தான், மேடு பள்ளம் கிடையாது. கியர் சைக்கிள் வேண்டாம். ஒழுங்கைப் புழுதியும் மாரிச் சேறும் கியரைத் தின்றுவிடும், உதிரிப்பாகத்துக்கும் அலைய வேண்டும். லுமாலா மாதிரி உள்ளூரில் ஓடுகிற சாதாரணச் சைக்கிள், கரியரும் மட்காட்டும் ஸ்டாண்டும் உள்ளது, எந்தச் சந்தியிலும் திருத்துவார்கள். பழையது வாங்கினால் மூன்று இடம் பாருங்கள்: முன்சில்லைத் தூக்கிச் சுழற்றி ரிம் ஆடுகிறதா, பெடல் அச்சைப் பக்கவாட்டில் ஆட்டினால் இடறுகிறதா, சீற்றுக் குழாய்க்குள் கறளா. கடைசியில் சொன்னதுதான் கெட்டது. வெளியில் பெயின்ற் அடித்தால் தெரியாது, ஒரு மாரியில் குழாய் உடையும்.

காற்றுப் போவதற்கெல்லாம் ஒட்டுப் போட ஓட வேண்டாம். இரவில் நிறைத்து வைத்தது காலையில் இறங்கியிருந்தால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கிற சின்ன இறப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். அதை மாற்ற இரண்டு நிமிடம். உண்மையான ஒட்டு வேலை வருவது வேலி வெட்டும் காலத்தில். முள்ளுக்கிளுவை வேலியைக் கத்தரித்துவிட்டு அப்படியே ஒழுங்கையில் போட்டிருப்பார்கள், நடுவால் போக வேண்டும். ரயருக்குள் விரலை விட்டு முள்ளைத் தேடி எடுக்காமல் ஒட்டினால் அடுத்த நாளே மறுபடியும் ஒட்ட வேண்டியதுதான். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், புழுதியோடு சேர்ந்து பசையாகும். மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு, மாரியில் கிழமைக்கு ஒருமுறை. நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும் என்பதைப் பலாலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது மறக்க வேண்டாம். இரவில் லைற் இல்லாமல் போனால் பொலிஸ் மறிக்கும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மே முதல் செப்டெம்பர்வரை நகரத்துக்குப் போவது எதிர்க்காற்று, திரும்பி வருவது சும்மா வரும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் மாறி நடக்கும். மாரியில் ஒழுங்கை வெள்ளத்துக்குள் காலில் புண்ணோடு இறங்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் எடுத்தது. டெங்கும் அதே பருவம்தான். நுளம்பு வலை, பகலிலும் வேண்டும்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: காலையில் புட்டு, இடியப்பம், மத்தியானம் பார்சல், கம்பஸைச் சுற்றிப் பட்டினி கிடக்க முடியாது. சமைப்பவர்களுக்குத் திருநெல்வேலிச் சந்தை காலையில் போனால் மலிவு. வீட்டுக்காரர் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க விடுவாரா என்று மட்டும் முதலே கேளுங்கள். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வளவுகளில் மீன் மணமே வரக் கூடாது. திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்குவதால் அறையும் கிடைக்காது, கோயிலைச் சுற்றி வீதியும் மூடப்படும். அறை மாறுவதென்றால் அதற்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையில் கவனிக்க வேண்டியது கரண்ட். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. ஒரே மீற்றரில் வீட்டுக்காரரும் ஐந்து அறையும் தொங்கினால், ஒரு ஃபானும் ஒரு லைற்றும் பாவிக்கிற ஆளும் உச்ச விலையில்தான் கட்டுவார். தனி மீற்றர் இருக்கிற அறை சற்று வாடகை கூடினாலும் வருட முடிவில் மலிவு. உப மீற்றர் என்றால் அலகுக்கு எவ்வளவு என்று தொகையாகக் கேளுங்கள், 'பில்லைப் பிரிப்போம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். பழைய வீடுகளில் உருண்டைப் பின், தமிழ்நாட்டு பிளக் அப்படியே போகும். புது வீடுகளில் சதுரப் பின். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் அடப்ரர் கொண்டுவர வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது தொகை, திகதி, அன்றைய மீற்றர் வாசிப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அறையை விட்டு வெளிக்கிடும் கிழமையில் வருகிற சண்டைகளில் பாதி இதனால்தான்.