வேலூர் லாங் பஜார் தோல் பட்டைச் சலங்கை: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் என்று பொழுதுபோக்காக ஆடும் மகளிர் குழுக்களுக்கானது இந்த மதிப்புரை. வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், பூஜைச் சாமானோடு நாட்டியப் பொருளும் வைத்திருக்கும் கடை ஒன்றில் விற்கிற மூன்று வரிசைத் தோல் பட்டைச் சலங்கையும், அதோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற கோலாட்டக் குச்சியும்தான் விஷயம். சலங்கை வாங்கலாம், ஆனால் வாங்கியபின் ஒரு தையல் வேலை இருக்கிறது. குச்சி வேண்டாம்.

வரிசைக்கு 12 மணி, பட்டைக்கு 36. பட்டை நீளம் 9 அங்குலம், ஒரு காலுக்கு எடை 350 கிராம் வாக்கில். மண்டபத்தில் ஆடும் குழுவுக்கு இது தாராளம். 12 பேர் கட்டினாலே 864 மணி ஆகிவிடுகிறதே! ஐந்து வரிசை எடுத்தால் பாட்டும் குச்சிச் சத்தமும் அமுங்கிப் போகும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் ‘ஜல்’ என்று விழ வேண்டிய அடி ‘சளசள’ என்று இழுபடும். வட ஆர்க்காட்டுக் கூத்துக்காரர்கள் கட்டுகிற கனத்த கெஜ்ஜைச் சலங்கையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது திறந்தவெளியில் விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு.

மணி பித்தளைதான். காந்தம் கொண்டுபோய்ப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே உருளும் குண்டு இரும்பு என்பதால் நல்ல பித்தளை மணியும் காந்தத்தின் பக்கம் லேசாகச் சாயும். காந்தத்தை நகர்த்தினால் குண்டு கூடவே உருள்வது கேட்கும். ஓட்டில் எங்கே வைத்தாலும் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்புத் தகடு. இந்தக் கடைச் சரக்கில் அந்தக் கோளாறு இல்லை. மணியின் பிளவு ஓரத்தில் மட்டும் பிசிர் விட்டிருக்கிறார்கள், புடவைக் கரையைப் பிடித்து இழுக்கும். சின்ன அரத்தால் நாலு தேய் தேய்த்தால் போய்விடும்.

உண்மையான குறை பட்டையின் உள்ளே இருக்கிறது. மேல் தோலில் வெட்டிய துளை வழியே மணியின் காது பின்னால் வரும். அந்தக் காதுகளுக்குள் நூலைக் கோத்து இறுக்கி, மேலே லைனிங் தோலை ஒட்டித் தைப்பது வழக்கம். இங்கே மூன்று வரிசையையும் முடிச்சே இல்லாமல் ஒரே நூலில் ஓட்டியிருக்கிறார்கள். பித்தளைக் காதின் ஓரம் கூர்மை. மிதிக்கிற ஒவ்வொரு அடியிலும் நூலை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஓர் இடத்தில் விட்டுப்போனால் பட்டை முழுக்கத் தளர்ந்து மணிகள் தரையில் சிதறும். வெறுங்காலோடு வட்டம் சுற்றுகிறவர்கள் அதை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையிலேயே சோதிக்கலாம். பட்டையை இரண்டு கையாலும் பின்பக்கமாக வளைத்து, ஒரு மணியை நகத்தால் தூக்குங்கள். தோலுக்கும் மணிக்கும் நடுவில் ஓர் அரிசி நுழையும் அளவுக்கு எழும்பினால் நூல் தளர்ந்திருக்கிறது, வேறு ஜோடி கேளுங்கள். இறுக்கமாக இருந்தாலும் வாங்கியதும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, லைனிங்கின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, மெழுகு பூசிய நைலான் நூலில் மூன்று மணிக்கு ஒரு இரட்டை முடிச்சு போடச் சொல்லுங்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். நம் ஊரில் நூலுக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. கம்பியை மடக்கி மணி பொருத்திய மலிவுப் பட்டையும் அதே கடையில் உண்டு. அந்தக் கம்பி முனை நாளடைவில் லைனிங்கைத் துளைத்துக் காலைக் கீறும், தொடவே வேண்டாம்.

லைனிங்குக்காகத்தான் இந்தச் சலங்கையைப் பரிந்துரைக்கிறோம். குரோம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோல். இங்கிலாந்தில் மாரிஸ் என்ற நாட்டுப்புற நடனம் ஆடுகிறவர்களும் கைக்குட்டை, கோல், மணிப் பட்டையோடுதான் ஆடுகிறார்கள், கிட்டத்தட்ட நம் ஒயிலாட்டமும் கோலாட்டமும் சேர்ந்த மாதிரி. ஆனால் அவர்கள் பட்டையை முழங்காலுக்குக் கீழே, பெரும்பாலும் காலுறைக்கு மேல் கட்டுகிறார்கள். நமக்கு வெறும் தோலில், அதுவும் வேலூர் வெயிலில். ரெக்சின் லைனிங் வியர்வையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் வந்து உட்காரும். வெல்வெட் நாற்றம் பிடிக்கும். இந்தத் தோல் இரண்டும் செய்யாது.

ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பக்கிளைத் திறந்துவிட்டு நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறும், உள்ளே குண்டும் துருப்பிடித்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஊமையான மணியை மரக்குச்சியால் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து அடைக்கும். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். புளித் தண்ணீர் தோலுக்குள் இறங்கிக் கறையாகும்.

கட்டும்போது கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே, பக்கிள் வெளிப்பக்கம். உள்பக்கம் வைத்தால் கால் மாற்றி வைக்கிற அடியில் இரண்டு பக்கிளும் ஒன்றையொன்று கவ்வும். கட்டுகிற இடத்தில் சுற்றளவு 11 அங்குலத்துக்கு மேல் என்றால் வார் கடைசித் துளையில்தான் நிற்கும், நீள வார் வைத்தது கேளுங்கள்.

குச்சிக்கு வருவோம். 14 அங்குலம், அளவில் தப்பில்லை. மரம் மெத்து, அடித்தால் ‘டொக்’ என்கிறது. சாயம் வியர்வைக் கையில் ஒட்டுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் மர ரேகை நீளவாக்கில் போகாமல் சாய்வாக ஓடுகிறது. அப்படிப்பட்டது ஓங்கி அடித்தால் சாய்வாகப் பிளந்து சிலாம்பு எழும்பும். கடைசல் பட்டறையில் நேர் ரேகை உள்ள கெட்டி மரத்தில், முக்கால் அங்குலக் கனத்தில், சாயம் இல்லாமல் கடைந்து வாங்குங்கள். 120 நம்பர் உப்புத்தாள் போட்டால் போதும்.

சலங்கை ஜோடி 900 ரூபாய். குழுவுக்கு மொத்தமாக எடுத்தால் குறைக்கிறார்கள். குறைக்காவிட்டாலும் உதிரி மணி 20 சும்மா கேளுங்கள், அதே பெட்டியிலிருந்து. அடுத்த சரக்கில் வரும் மணிக்கு ஓசை வேறாக இருக்கும், நடுவில் கோத்தால் தனியாகக் காட்டிக்கொடுக்கும்.