பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்கும் முன் லைசென்ஸைக் கழற்றிவிடுங்கள்

12 வருடமாகக் கடைகளுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், இதற்குள் மூன்று முறை கம்ப்யூட்டர் மாற்றியாயிற்று. ஃபைல்களை நகர்த்துவதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. ஒவ்வொரு முறையும் உயிரை வாங்கியது லைசென்ஸ்தான்.

முதலில் டேலி, அதாவது நான் கணக்கு எழுதும் மென்பொருள். என்னிடம் இருப்பது சில்வர் என்ற ஒருவருக்கான லைசென்ஸ், ஒரு நேரத்தில் ஒரே கம்ப்யூட்டரில்தான் நிற்கும். பழையதில் எஃப்1 அழுத்தி செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போய் சரண்டர் கொடுக்க வேண்டும், அதாவது லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில்வர் என்று இருந்தது எடியு (லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலை) என்று மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு புதியதில் சீரியல் நம்பரைப் போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் தடவை இப்படித்தான் முடிந்தது, அதனால் மெத்தனமாக இருந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை மாதம் 18ஆம் தேதி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஜிஎஸ்டியின் மாதாந்திர 3பி ரிட்டர்ன் போட 20ஆம் தேதி கடைசி. செத்த கம்ப்யூட்டரிலிருந்து எப்படி சரண்டர் செய்வது? பதிவு செய்த மெயில் வழியாக லைசென்ஸை ரீசெட் செய்ய வழி இருக்கிறது, ஆனால் அந்த மெயில் என்னுடையது இல்லை. வாங்கிய காலத்தில் என்னிடம் வேலை பார்த்த தம்பி தன் மெயிலைக் கொடுத்திருந்தார், வேலையை விட்டே மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, அவர் பழைய பாஸ்வேர்டை மீட்டெடுத்து, ராத்திரி 11 மணிக்குத்தான் டேலி திறந்தது. அந்த இரண்டு நாள் வயிற்றில் இருந்த கலக்கம் யாருக்கும் வரக் கூடாது. தயவுசெய்து உங்கள் லைசென்ஸ் எந்த மெயிலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

விண்டோஸ் விஷயம் வேறு மாதிரி. லேப்டாப்போடு சேர்ந்தே வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு சரி, வெளியே எடுக்க முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் கீ என்றால் கூடவே வரும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் என் டெஸ்க்டாப்பில் இல்லை, வேறு வழியில்லாமல் புதியது வாங்கினேன். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் அடித்து அதோடு டிஎல்ஐ சேர்த்துப் (slmgr /dli) பார்த்தால் ரீடெயிலா ஓஇஎம்மா என்று சின்னப் பெட்டியில் காட்டும். என்னுடையது ரீடெயில். பழையதில் கீயை எடுத்துவிட்டுப் புதியதில் போட்டேன், விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொண்டது.

மனசு ஆறாதது ஒரு தமிழ் டைப்பிங் மென்பொருள். இரண்டு தடவைதான் ஆக்டிவேஷன், திருப்பிக் கொடுக்க பட்டனே கிடையாது. ஒரு முறை ஃபார்மட் அடித்ததையும் அவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். போனில் எவ்வளவு சொல்லியும் மறுபடி வாங்கச் சொன்னார்கள், வாங்கவில்லை. இப்போது யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகை முறைதான், அச்சகத்துக்குப் பழைய எழுத்துருவில் கொடுக்க வேண்டியிருந்தால் மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன்.

இந்தத் தடவை பழைய டெஸ்க்டாப்பை ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில்தான் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கனின் டிரைவரைப் புதியதில் போடவில்லை என்று தெரிந்தது, அதுவரை பழையதிலேயே சொருகிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.