பூனை குசினி மேடையில் ஏறாமலிருக்க: தண்ணீரா, டேப்பா, தனிப் பலகையா?

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. சீனி எங்கள் பெண்பூனை. தெருநாய், மோட்டார் சைக்கிள், விசர்நாய்க்கடி என்று பல பயம் இருப்பதால் வெளியே விடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்வதால் செற்றி, கட்டில், குசினி மேடை எல்லாமே அதனுடையதாகிவிட்டது.

போன வருஷம் தங்கச்சி கர்ப்பமாக எங்களோடு வந்து நின்றாள். சீனி மலம் கழிக்கும் மணல் தட்டைக் கிளறிய அதன் கால், தேங்காய் துருவும் இடத்தில் படுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பூனை மலத்தில் வரக்கூடிய, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். அதனால் தட்டைத் தினமும் நானே துப்புரவாக்கினேன், தங்கச்சியைத் தொடவிடவில்லை. மேடைக்கு வழி தேடித்தான் மூன்று முறைகளைச் செய்து பார்த்தேன்.

முதலாவது தண்ணீர் விசிறும் போத்தல். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். செலவில்லை, அந்த நிமிஷமே பூனை குதித்து இறங்கும். இரண்டு கிழமையில் போத்தலைக் கையில் எடுத்தாலே சீனி கட்டிலுக்குக் கீழே போய்விடும். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு நாள் விடிய எழும்பி லைட்டைப் போட்டால், முதல்நாள் இரவு இடியப்பத்துக்கு அரித்த மா மேடையில் மெல்லிசாகப் படிந்திருந்தது. அதன்மேல் அடுப்படி வரைக்கும் வரிசையாகப் பூனைக் கால்தடம். அம்மா வந்து பார்த்துவிட்டு, “இஞ்ச பாரு புள்ள, மறுகா ஏறிட்டு” என்றா. சீனி படித்தது மேடையைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி: நான் நிற்கும்போது ஏறக்கூடாது, அவ்வளவுதான். அத்தோடு மடியில் வந்து படுப்பதையும் நிறுத்திவிட்டது. அதை இப்போது நினைத்தாலும் மனம் நோகிறது.

இரண்டாவது, மேடையைப் பிடிக்காத இடமாக்குவது. விளிம்பில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், அலுமினியத் தாள், தோடம்பழத் தோல். ஆள் இல்லாத நேரத்திலும் வேலை செய்வதால் தண்ணீரைவிட இது மேல். டேப்பில் கால் ஒட்டியதும் சீனி உதறிக்கொண்டு இறங்கிவிட்டது. ஆனால் சமைக்கிற மேடையில் டேப்பை ஒட்டி வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது? ஒவ்வொரு நேரமும் உரித்து, சமைத்து, துடைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பசை இளகி டைல்ஸில் கறையாகப் பிடித்துக்கொண்டது. தாளுக்கு நாலு நாள் பயந்தது, ஐந்தாம் நாள் அதன்மேலேயே படுத்திருந்தது. தோடம்பழத் தோல் ஒரு நாளில் காய்ந்து மணம் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தோலின் மணம் வேலை செய்கிறதே என்று தோடம்பழ எண்ணெய் வாங்கித் தெளிக்கவேண்டாம், அந்த எண்ணெய் பூனைக்கு நஞ்சு. பூச்சி உருண்டையும் அப்படித்தான். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் சில கிருமிநாசினிகளையும் பூனையின் ஈரலால் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. மேடையைத் துடைத்தவுடன் பூனை நடந்து, பிறகு காலை நக்கினால் அது வயிற்றுக்குள் போய்விடும். நான் சவர்க்காரத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது, இப்போது நாங்கள் வைத்திருக்கும் வழி: பூனைக்கென்று உயரத்தில் ஓர் இடம். இதற்கு வர எனக்கு ஆறு மாதம் எடுத்தது. சீனி ஏன் ஏறுகிறது என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனித்தேன். விடிய மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் ஏறியது, அது சாப்பாட்டுக்கு. பகல் பதினொரு மணிக்கு மேடையில் ஒன்றுமில்லாத நேரத்திலும் ஏறியது. ஏறி, வயிறு டைல்ஸில் பட நீட்டி, ஜன்னலால் அணிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. உயரம், குளிர்ச்சி, வேடிக்கை மூன்றும் அந்த ஓரிடத்தில்தான் இருந்தன. அதை விரட்டினால் எங்கே போகும்?

பழைய கட்டில் பலகை ஒன்றை அறுத்து, குசினிக்கு வெளியே, சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னலோடு பூட்டினோம். மேடை மூன்று அடி என்றால் பலகை நாலரை அடியில். மேடையைவிட உயரமாக இருக்கவேண்டும், ஆடக்கூடாது. முதல் தடவை பலகையைத் தாங்க இரண்டு இரும்பு ஆங்கிளோடு விட்டோம். சீனி ஒரு முறை பாய்ந்தது, பலகை அசைந்தது, அப்புறம் ஒரு கிழமைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஆங்கிளையும் அடித்து, மேலே தும்பு விரிப்பு ஒன்றைப் போட்ட பிறகுதான் நம்பி ஏறியது.

பலகையில் ஏறிய அந்தக் கணமே, உப்பில்லாமல் அவித்த முள்ளில்லாத மீன் ஒரு நகத்தளவு கொடுத்தேன். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று பூனைக்கு விளங்காது. இதில் நான் விட்ட பிழையையும் சொல்லவேண்டும். மேடையில் ஏறினால் தூக்கிப் பலகையில் விட்டு மீன் கொடுத்தேன். சில நாளில் சீனி மேடையில் ஏறி என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. மேடை, பலகை, மீன் என்று வரிசையாகவே படித்துவிட்டது. பிறகு மாற்றினேன்: மேடையிலிருந்து பேசாமல் தூக்கி நிலத்தில் விடுவது, ஒன்றும் கொடுப்பதில்லை. தானாகப் பலகைக்குப் போனால் மட்டும் மீன்.

ஆனால் பலகையும் மீனும் பாதி வேலைதான். மூன்று வழியிலும் கடைசியில் முடிவைத் தீர்மானித்தது வீட்டு ஆட்களின் கைதான். மேடையில் ஒரேயொரு பொரித்த நெத்தலி கிடந்தால் போதும், ஒரு மாதப் பழக்கம் போய்விடும். ஒவ்வொரு நாளும் கிடைத்துப் பின் நின்றுபோனால் பூனை மறந்துவிடும். எப்போதாவது ஒரு நாள் கிடைக்கும் என்றால்தான் விடாமல் வந்து பார்க்கும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பழக்கமாக இருந்தது. மத்தியானக் கறியைக் கோப்பையால் மூடி மேடையிலேயே வைப்பா, ஐம்பது வருஷப் பழக்கம். நான் கோபப்பட்டேன், பயனில்லை. மேடைக்கு நேர் மேலே கதவுள்ள அலுமாரி ஒன்றைப் பூட்டி, கை நீட்டினால் எட்டுகிற தட்டைக் கறிச்சட்டிக்கு ஒதுக்கிய பிறகு அம்மாவே மாறிவிட்டா. மீன் வெட்டும் நேரத்தில் சீனியின் சாப்பாட்டுக் கோப்பை பலகைக்குப் போய்விடும், முள்ளும் செதிலும் உடனே வாளிக்குள். டேப்புக்குச் செலவான நேரத்தில் கால்வாசி கூட இதற்குப் போவதில்லை, ஒரு நாளும் தவறக்கூடாது என்பதுதான் கஷ்டம்.

செற்றி விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. அங்கே காஸ் அடுப்பு இல்லை, கொதிக்கும் எண்ணெய் இல்லை. ஒரு மூலையில் பழைய சாரத்தை விரித்து அதைச் சீனிக்கே விட்டாயிற்று. பிராண்டுவதற்கு, மூன்றடித் தென்னங்குற்றியில் தும்புக்கயிறு சுற்றி, அது கிழித்துக்கொண்டிருந்த கைபிடிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். நின்று முழுதாக உடம்பை நீட்ட உயரம் வேண்டும், குற்றி சரியக்கூடாது. எங்கள் பக்கத்தில் தும்புக்கயிறு மலிவு, பிய்ந்தால் மறுபடி சுற்றலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பூனைதான், அதுவும் கருத்தடை செய்த, இரண்டு வயதுப் பூனை. இரண்டு மூன்று பூனை நிற்கும் வீட்டில் ஒரு பலகைக்குச் சண்டை வரலாம். வயதாகி மூட்டு நோகும் பூனைக்கு நாலரை அடி அதிகம், இடையில் படி வைக்கவேண்டிவரும். அந்த இரண்டையும் நான் செய்து பார்க்கவில்லை.

மாரி தொடங்கி ஜன்னலைப் பூட்டிய கிழமை சீனி மூன்று நாள் மறுபடி மேடைக்குப் போனது. பலகையில் வேடிக்கை இல்லை, இடுக்கால் சாரலும் அடித்தது. ஜன்னலின் கண்ணாடிப் பக்கம் பலகையை நகர்த்திப் பூட்டியதும் திரும்பி வந்தது. நகர்த்தும்போது பார்த்தால், உப்புக்காற்றில் ஒரு ஆங்கிள் துரு ஏறி அரைவாசி தின்றுபோயிருந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் பலகையைக் கையால் அமத்திப் பார்க்கிறேன்.